தலையைப் பிடிக்கச் சொன்ன டாக்டரய்யா

மாத்தளை எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய காலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை டாக்டரய்யா என்போம். குள்ளமான ஆள், கஞ்சி போட்ட காக்கிக் கால்சட்டை. வாயில் எப்போதும் ஒரு கராம்பு இருக்கும். கோபம் வந்தால் அதைக் கடிக்கிற சத்தம் கேட்கும்.

ஒரு தீபாவளியன்று குடிவெறியில் விறகுக்கட்டையால் என் மனைவியின் மண்டையை உடைத்துவிட்டேன். "தண்ணிக் கான்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று மிரட்டித்தான் அவளைக் கூட்டிப்போனேன். டாக்டரய்யா என்னை வெளியே நிறுத்தி, அவளை மட்டும் உள்ளே அழைத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"இந்தத் தோட்டத்துக் கானெல்லாம் பொம்பளைங்களை மட்டும்தான் தள்ளிவிடுதா? உள்ள வாடா. மரத்துப்போற மருந்து இல்ல, அப்படியேதான் தைக்கணும். தலையைப் பிடி."

"ஐயா, என்னால பாக்க முடியாதுங்க."

"ஒடைக்க முடிஞ்சுச்சில்ல? கண்ணை மூடுன, அதே கட்டையால ஒன்னையும் பொளந்துருவேன்."

ஊசி ஏறும்போதெல்லாம் அவள் அலறினாள். இரத்தம் என் விரலிடுக்கில் வழிந்தது. அவர் வாயில் கராம்பு நொறுங்கியது. ஏழாவது தையலில் நான் அங்கேயே வாந்தியெடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள்மேல் கை வைக்கவில்லை.

டாக்டரய்யா மாற்றலாகிப் போன அன்று, அவள் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு எனக்கு வலிக்கவேயில்லீங்க. மொதல்லயே மருந்து போட்டுட்டு, நல்லாக் கத்தச் சொன்னதே அவருதான்."

ஏமாந்தவனுக்கு வர வேண்டிய கோபம் எனக்கு இன்னும் வரவில்லை. மாத்தளையில் கராம்பு காயாத முற்றம் ஏது? அந்த வாசம் பட்டால் இன்றும் விரலிடுக்கைத் துடைத்துக்கொள்கிறேன்.