பாவற்காய்க் கறி

வவுனியாவில் உள்ள சிறுமியர் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் ஸ்ரெல்லா. தனுசியாவை நடை பழகிய நாளிலிருந்து வளர்த்தது அவள்தான். இல்லத்துப் பிள்ளைகளைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கத் தொடங்கியபோது, தனுசியா வட்டக்கச்சியில் இருக்கும் சித்தி சுகந்தினியிடம் போனாள். எங்கிருந்தோ வந்து பிள்ளையைத் தட்டிக்கொண்டு போனவள் என்று சுகந்தினியை நினைக்கும்போதெல்லாம் ஸ்ரெல்லாவுக்கு வயிறு எரியும்.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க முதல் தடவையாகப் போனபோது, குசினியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தனுசியா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஸ்ரெல்லாவை அவள் கவனிக்கவில்லை.

"வாங்கோ அக்கா. இவள் பாவற்காய் எண்டால் தொடவே மாட்டாள்" என்று சிரித்தாள் சுகந்தினி.

ஸ்ரெல்லாவுக்கு உள்ளூர இனித்தது. இல்லத்தில் பிள்ளை ஒருநாளாவது இப்படிச் சிணுங்கியதில்லை. அது தன் வளர்ப்பு என்று அவளுக்குப் பெருமை.

"உங்களுக்குப் பிள்ளையைத் தெரியேல்ல. எங்களிட்ட இருக்கேக்க அவளுக்கு அதெண்டால் உயிர். ஒருநாளும் மிச்சம் வச்சதில்லை" என்றபடி தானே அகப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் போட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் தனுசியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோப்பையைக் கிட்ட இழுத்து அவ்வளவையும் விழுங்கினாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பார்த்தாயா என்பது போல ஸ்ரெல்லா சுகந்தினியைப் பார்த்தாள்.

தனுசியா கையைக் கட்டிக்கொண்டு ஸ்ரெல்லாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாம் சாப்பிட்டிட்டன், அன்ரி. என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகமாட்டீங்கள்தானே?"