ஒரு லாரி வெங்காயம்

என் அண்ணன் வெங்காய மண்டியில் ஏலம் விடுகிறவன். மைக்கே வேண்டாம், வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம். முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தால் குரலோடு பிழைத்துவிடலாம் என்றார் டாக்டர். எங்கள் வீட்டுப் பேச்சில் அது ‘கரண்ட் வைக்கிறது’. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். தொண்டைப் புற்றின் செல்களைத் தட்டில் வளர்த்து, செடிகொடிகளில் இருக்கும் ஃபிளாவனாய்டு என்கிற நிறச்சத்துகளை அதில் விட்டுப் பார்ப்பது வேலை. வெங்காயத் தோலில் எடுத்த ஒன்றை விட்டதில் பாதி செல்கள் செத்துக் கிடந்தன. சும்மா இருந்தேனா? சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன்.

"நிஜமாவா சொல்ற?"

"தட்டுலதாண்ணே. மனுஷ உடம்புல அவ்வளவு ஏறணும்னா ஒரு லாரி வெங்காயம் வேணும்."

நடக்காது என்பதற்கு எங்கள் லேபில் அப்படித்தான் சொல்வோம். அண்ணனுக்கு லாரி என்றால் லாரிதான். அவன் மண்டி வாசலில் தினமும் ஆறு நிற்கிறது.

அப்போது பத்து நாள் கரண்ட் முடிந்திருந்தது. கரண்ட் வைத்ததில் வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே கண்ணில் நீர் முட்டும். பதினோராம் நாளிலிருந்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவான். நேரே மண்டிக்குப் போய், தோலை அண்டாவில் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறான். புண் ஆறியது. "பாத்தியா, கரண்ட் வேலை செய்யுது" என்று அண்ணியிடம் சிரித்தானாம். நானும் நம்பினேன், படித்த முட்டாள்.

மூன்றாம் மாதம் கழுத்து புடைத்தது. அண்ணி ஃபைலைப் பிரித்தால், கரண்ட் வைத்த நாளுக்கு ஒன்றாகப் பத்தே கையெழுத்து, மீதியெல்லாம் வெறும் கட்டங்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கட்டி கழுத்து ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது, நுரையீரலுக்கும் போய்விட்டது, இனி வலிக்கு மருந்துதான் என்றார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வெளியே பெஞ்சில் அண்ணன் இருந்தான். குரல் போய்க் காற்றுதான் வந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"திட்டாதம்மா. தப்புதான். மிச்சம் இருபத்தஞ்சையும் ஒரு நாள் விடாம வந்து முடிச்சிடுறேன். நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?"

"ஆரம்பிச்சிடலாம்ணே" என்றேன்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.