பிரசவ ஆஸ்பத்திரி வாசல்

வாலாஜாபாத் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. எதிரே முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. அதன் படியில் நிறைமாதக்காரி ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சேலையெல்லாம் பட்டுநூல் பிசிறு. பக்கத்தில் போய் உட்காருகிறேன்.

“நர்ஸ் வரலையா?”

“மாத்திட்டாங்கமா. முன்ன கவுன்சிலரா இருந்த பாய் வீட்டம்மா சண்டை போட்டுக் கொண்டாந்த நர்சு. ஆம்பள டாக்டர்கிட்ட எங்க தெருவுல யாரு போவா? இப்ப அந்தம்மாவும் தோத்துட்டாங்க. கேக்க ஆளில்ல.”

“ஏன் தோத்தாங்க?”

“நம்ம சாமி கும்புடறவருக்குத்தான் ஓட்டுன்னு தெருவே கூடி முடிவு பண்ணிட்டாங்க.”

“நீங்க?”

அவள் வயிற்றின் மேலிருந்த இடது கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். அதற்குள் பார்த்துவிடுகிறேன். நகத்தில் ஓட்டு மை இன்னும் அழியவில்லை.