முதலாளி கொடுத்த தோல்

பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தேன். காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுவதும் ஊசி குத்துவதும் என் வேலை. எங்கள் படையில் பேண்டு வாசிப்பவர்களுக்கும் ஸ்ட்ரெச்சர் தூக்கும் பயிற்சி உண்டு. அவர்களோடு பழகித்தான் டிரம் கற்றேன். எழுபதுகளில் ஊருக்கு வந்து, இனி டிரம்தான் என் பிழைப்பு என்றேன். வேலூரிலிருந்து ஆம்பூர் வரை ஒரு பயல் நம்பவேண்டுமே! தெருவில் கண்டால், "கம்பவுண்டரே, ஜுரமா இருக்குது, ஒரு ஊசி போடேன்" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பான். ஊசி குத்தாமல் ஜுரம் போகாது என்று நம்புகிற ஜனம்.

வேலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்காரன் இடம் காலியாக இருந்தது. குழுத்தலைவரை மாஸ்டர் என்போம். "ஆம்பூர்ல டேனரி முதலாளி வூட்டு ரிசப்ஷன். நல்லா வாசிச்சா இடம் உனக்கு. சொதப்புனியோ, ஊசியே குத்திகினு கெட" என்றார். என் வயதுக்கு வேறு எந்தக் குழுவும் என்னைச் சீந்தாது. அந்த ஒரு சாயங்காலத்தை விட்டால் எனக்கு டிரம் கிடையாது.

முந்தின நாள் முதலாளி, தோல் பதனிடும் தன் டேனரிக்கு என்னையும் மாஸ்டரையும் டிரம்மோடு கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் பளபளவென்று ஒரு கறுப்புத் தோல்.

"இன்னாபா கம்பவுண்டர், என் பொண்ணு ரிசப்ஷன்ல அடிக்கிற டிரம்மு என் தோல்லதான் இருக்கணும். ஜெர்மனிக்குப் போற மால் இது."

டிரம்முக்குப் பதனிடாத தோலை விறைக்கக் காயவைத்துக் கட்டவேண்டும். பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகி, சத்தம் செத்துப்போகும். சொல்லிப் பார்த்தேன்.

"ஜெர்மன்காரனே கொற சொல்லல, நீ சொல்ல வந்துட்டியா?"

மாஸ்டரைப் பார்த்தேன். "முதலாளி சொன்னா சரிதாங்க" என்று இல்லாத வாலை ஆட்டினார். தூ! முதலாளியின் ஆள் அங்கேயே என் டிரம்மின் தோலை வளையத்தோடு கழற்றிவிட்டு, கறுப்புத் தோலை டிரம்மைச் சுற்றி இழுத்துத் தைத்தான். என் பழைய தோலைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ரிசப்ஷனில் முதல் பாட்டு. தலையணையைத் தட்டினதுபோல் பொத் பொத் என்றது டிரம். முன்வரிசையில் சிரிப்பு. முதலாளி மேடையோரம் வந்து எல்லோர் காதிலும் விழும்படி, "ஊசி போட்ட கைக்கு டிரம்மு எப்டி பேசும்? நாளைக்கி நம்ம டேனரிக்கு வந்துடு. அடிபட்டவனுக்கு மருந்து வெக்க ஆள் வேணும்" என்றார். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நிற்க, பாட்டு நின்றது. டிரம்மைத் தூக்கிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனேன். பட்டாளத்துக் கத்தரிக்கோல் எப்போதும் என் பையில் இருக்கும். ரத்தத்தில் ஊறிய யூனிபாரத்தை வெட்டின கத்தரி, ஜெர்மனிக்குப் போகிற தோலை வெட்டாதா என்ன? தையலை அறுத்தெறிந்து, பழைய தோலை மாட்டி, திருகுகளை முறுக்கினேன்.

அடுத்த பாட்டுக்கு மண்டபமே அதிர்ந்தது. பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். முதலாளி எழுந்து நின்றார். "பாத்தீங்களா? கொஞ்சம் சூடேறணும், அவ்ளோதான். நம்ம தோலு!" என்றார். என் முன்னால் இருப்பது வெள்ளைத் தோல். கறுப்பு எங்கே போனது என்று ஒருத்தன் கேட்கவேண்டுமே! கூட்டம் மொத்தமும் கைதட்டியது, முதலாளியைப் பார்த்து.

மாஸ்டர் என் காதில், "இடம் உனக்குத்தான். அவர்கிட்ட மட்டும் வாயத் தொறக்காதே" என்றார்.

திறக்கவில்லை. அந்தக் கறுப்புத் தோலைப் பேரணாம்பட்டில் கொடுத்து ஒரு ஜோடி செருப்பு தைத்துக்கொண்டேன். எண்பதுகளில் முதலாளியின் இளைய மகள் ரிசப்ஷனுக்கும் நாங்கள்தான் வாசித்தோம். அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போனேன். நல்ல தோல், பொய் சொல்லக்கூடாது. அத்தனை வருஷம் மிதித்தும் கிழியவில்லை.