மகனுக்கு வைத்த காற்று

மதியம் இரண்டு இருபதுக்கு என் மகனின் அறையில் மின்விசிறி தானாக வேகமெடுத்தது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன் ரிமோட் என் மடியில்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மகன் வருகைப்பதிவு எடுத்துவந்தான். அதற்காக ஒரு ஷெட்டுக்குப் போன காலையில் அது வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் அவன் ஒருவன்தான் பிழைத்தான், முதுகும் கைகளும் வெந்து. வீட்டுக்கு வந்த பிறகு, காற்று பலமாக அடித்தால் புதுத்தோல் எரிந்தது. காற்று நின்றால் கட்டுக்குள் வியர்த்து அரித்தது. மெதுவாக வைத்தால் பழைய ரெகுலேட்டர் ஊம் என்று இரையும். அந்தச் சத்தத்துக்கு அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். கதவு திறந்தாலே பதறி விழிப்பான்.

அதனால்தான் அந்த ரிமோட். எங்கள் பக்கம் அது அப்போது புதிது. எலக்ட்ரீசியன் மதுரையிலிருந்து வாங்கிவந்து, ரிமோட்டுக்குக் கட்டுப்படும் சிறு பெட்டியை விசிறியின் மேல்கிண்ணத்துக்குள் பொருத்தினார். இரைச்சல் நின்றது. அறைக்குள் போகாமலே, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அச்சகத்தில் விடுப்பு போட்டுவிட்டு அதையே வேலையாகச் செய்தேன். கணவர் காலண்டர் ஆர்டர் பிடிக்க வெளியூர் போயிருந்தார். தெருவில் யாரும் வருவதில்லை. என் மகனை விசாரிக்க வந்தால் திரும்பி வராதவர்களின் பேச்சும் வந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மாவின் தம்பியும் அந்த ஷெட்டில்தான் இருந்தார். அதன்பின் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் கூப்பிட நாக்கு எழவில்லை.

மகன் “அம்மா” என்று கத்தினான். ரிமோட்டை அமுக்கிக் குறைத்தேன். குறைந்து, மறுபடி வேகமெடுத்தது.

எங்கள் ஊரில் கரண்ட் கோளாறு செய்தால் காரணம் தேடமாட்டோம். மெயினை இறக்கு, கதவைத் திற, வெளியே போ. சிறு பிள்ளைக்கும் அது தெரியும். மெயினை இறக்கினேன்.

“எய்யா, எந்திரி. வெளிய வா.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வாசல் தாண்டியது அன்றுதான். வெயில் கொளுத்தியது. பக்கத்து வீட்டுச் சுவரோரம் மட்டும் ஒரு முழ நிழல் இருந்தது. சட்டையில்லாத கட்டுகளோடு அங்கே ஒதுங்கினான்.

“புகை நாத்தம் எதுவும் வருதாம்மா?”

“இல்லய்யா.”

“பெறகு எதுக்கு வெளிய வந்தோம்?”

“தெரியல.”

“நல்லா இருக்கு போ” என்றான். அந்த நிழலில் நிற்கிறோமே, அந்த வீட்டில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் எனக்கு இருந்தது.

அந்த வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தாள். கையில் என்னுடையதைப் போலவே ஒரு ரிமோட்.

“மதினி, எங்க ஃபேனுக்கும் இதேதான் மாட்டியிருக்கு. மக பிள்ளைபெத்து வந்திருக்கால்ல, அவளுக்காக. யாரு அமுக்குனாலும் ரெண்டு வீட்டு ஃபேனும் சேந்தே சுத்துது. இதத் தொடாதன்னு சொல்லிவச்சிருந்தேன். வேக்காடு தாங்காம மக அமுக்கிட்டா.”

“எலக்ட்ரீசியன்கிட்ட சொல்லி மாத்தியிருக்கலாமே” என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

“மாத்தித் தாரேன்னுதான் சொன்னான். நான்தான் இருக்கட்டும்னேன்.”

மகனின் கட்டுகளைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

“வந்து கேக்கத்தான் மனசு வரல. எங்க ஃபேன் மெதுவாச் சுத்துனா, சரி, உங்க பிள்ளை தூங்குதான்னு நெனச்சுக்குவேன்” என்றாள்.