குசினிக்குக் கீழே கோயில்

எங்கள் காணிக்குக் கீழே பழைய கோயில் ஒன்று இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் கிராம அலுவலரான விதானையார். சொன்ன விதத்தைப் பார்த்தால், அதை இவ்வளவு காலமும் நான்தான் ஒளித்து வைத்திருந்தேன் என்று பட்டது.

கடற்கரைப் பட்டினத்தில் நாலு பரப்புக் காணி. யுத்தத்தில் அது இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுப்போக, நாங்கள் கோப்பாயில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் அங்கேயே கண்ணை மூடிய பிறகு, ஒருநாள் காணியை விடுவித்தார்கள். போய்ப் பார்த்தேன். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் கிடந்தது. யாரோ குப்பைக்குழி வெட்டியிருந்த மூலையில் அகலமான பழைய செங்கற்கள் தெரிந்தன. அதைக் கண்டவர்கள் மேலிடத்துக்கு அறிவிக்க, சில மாதத்தில் அகழ்வாய்வுக்காரர் கயிறும் முளையுமாக வந்து இறங்கினார்கள்.

காணியை அரசாங்கம் எடுக்கும் என்றார் விதானையார். வீடு இருந்த காணி என்றால் வேறிடத்தில் காணியும் வீடும் தருவார்கள். வெறுங்காணி என்றால் ஒரு கடிதம் தருவார்கள்.

"வீடு இருந்ததெண்டதுக்கு என்ன ஆதாரம், அக்கா?"

"நான் வளந்ததே அதுக்குள்ளைதான், தம்பி."

"அது நீங்கள் வளந்ததுக்குத்தான் ஆதாரம்."

காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினேன். உறுதியில் பனை பதினொன்று இருந்தது, கிணற்றில் அரைப்பங்கு இருந்தது, போக வர வழி இருந்தது. வீடு இல்லை. அப்பா அதைக் கட்டியது உறுதி முடித்த பிறகு. வீட்டுப் படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்த காலத்தில், ஏதோவொரு பள்ளிக்கூட வகுப்பறையில் மழையில் ஊறிப் போயின. அயலட்டைச் சனம் பாதி கனடாவில், பாதி சுடலையில். ஒருவரும் அரசாங்கக் கச்சேரிக்கு வந்து எனக்காகக் கையெழுத்து வைக்கப்போவதில்லை.

அத்திவாரத்தைக் காட்டினேன். "உது மாட்டுக்கொட்டிலாயும் இருக்கலாம்" என்றார்.

அகழ்வுக்கு நாள்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். என் காணியை மற்றவர்கள் கிண்டுவதை வேலிக்கரையில் நின்று பார்ப்பதைவிட, நானே கிண்டுவது மரியாதை என்று நினைத்துச் சேர்ந்தேன். கடகத்தில் மண் சுமப்பதும் அரிதட்டில் அரிப்பதும் என் வேலை. பொறுப்பாக இருந்தவர் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் மிஸ். இரண்டு வரிசைச் செங்கல்லையும் ஒரு உடைந்த கல்லையும் வைத்துக்கொண்டு, இது வாசல், இது மூலஸ்தானம், இது சனம் சுற்றிவந்த பாதை என்று மிஸ் சொன்னார். ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. எங்கள் வீட்டு அத்திவாரம் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அது மாட்டுக்கொட்டில்.

கோயில் யாருடையது என்பதில் பெரிய பிடுங்குப்பாடு. கிழமைக்கு ஒரு கூட்டம் வந்து, கீழே கிடப்பது தங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனது. மேலே கிடந்ததை என்னுடையது என்று சொல்ல நான் ஒருத்திதான்.

செங்கல் வரிசை நீண்டுகொண்டே போய் எங்கள் குசினிக்குக் கீழே நுழைந்தது. மிஸ்ஸிடம் ஒரு விதி இருந்தது. எந்தக் கல்லையும் வரையாமல் அசைக்கக்கூடாது. நூல் பிடித்து, அளந்து, கட்டத்தாளில் வரைந்து, இலக்கம் போட்ட பிறகுதான் கை வைக்கலாம். தேங்காயளவு கல்லுக்கும் அரை மணித்தியாலம் போகும். ஆனால் எங்கள் அத்திவாரத்துக்கு வந்தபோது, "இது இப்பத்தை இடிபாடு, அலவாங்கைப் போடுங்கோ" என்றார்.

நான் போய் அத்திவாரத்தில் குந்தினேன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எழும்புங்கோ அக்கா, வேலை நடக்கோணும்."

"படம் கீறிப்போட்டு உடையுங்கோ, மிஸ்."

"இது எங்கடை ஆய்வுக்குத் தேவையில்லை."

"எனக்குத் தேவை."

"கீழை கோயில் கிடக்கு, அக்கா."

"அது எத்தினை நூறு வருசமாய்க் கிடக்கு. இன்னும் இரண்டு நாள் கிடந்தா என்ன?"

கடப்பாரையோடு நின்ற அலவாங்குக்காரர் இருவரும் நிழலுக்குப் போய் வெற்றிலை போட்டார்கள். மிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்மேல் இரக்கம் வந்தது என்று நான் நினைக்கவில்லை. தன் விதியைத் தானே மீறுவது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் பலகையும் பென்சிலும் எடுத்துவரச் சொன்னார்.

"இது என்ன அறை?"

"குசினி."

"எப்பிடித் தெரியும்?"

"அந்த மூலையிலை கிண்டிப் பாருங்கோ, சாம்பல் கிடக்கும்."

கிண்டினார்கள். சாம்பல் கிடந்தது. மிஸ் கட்டத்தாளில் 'அடுப்பு' என்று எழுதினார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் தோண்டிப் பார்த்து நம்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சந்தோசமாக இருந்தது.

இரண்டு நாளில் வீடு தாளில் ஏறியது. அறை இரண்டு, சாமியறை, குசினி, முன்னால் விறாந்தை. ஒரு பிரதியில் கையெழுத்தும் முத்திரையும் வைத்து எனக்குத் தந்தார். மூன்றாம் நாள் அலவாங்கு போட்டார்கள். உடைத்த கல்லை நானே கடகத்தில் சுமந்து வேலிக்கரையில் கொட்டினேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். இடுப்புப் பிடித்து நாரிநோதான் வந்தது.

கோயிலை முழுதாகத் திறந்த பிறகுதான் எனக்கு லீவு கிடைத்தது. படத்தைக் கொண்டுபோனேன். விதானையார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வடிவான படம். ஆனா நேரிலை பாத்துத்தான் நான் எழுதலாம்."

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். அங்கே ஆளுயரத்துக்குத் தோண்டிய கிடங்கு. அடியில் செங்கல் வரிசைகள், மண் பிடித்த ஒரு கல். கிடங்கின் விளிம்பில் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கை, அக்கா, வீடு?"

"இதிலை" என்று கிடங்குக்கு மேலே கையைக் காட்டினேன். இனி எனக்கு வெறுங்காணிக்கான அந்தக் கடிதம்தான் என்று நினைத்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார், கிடங்கைப் பார்த்தார். "எந்தப் பக்கத்தாலை உள்ளுக்கை போறது?"

காட்டுவதற்காகக் கிடங்கைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனேன். வாசல் இருந்த இடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினேன். நினைத்துச் செய்யவில்லை. விறாந்தையில் செருப்போடு ஏறினால் அம்மா ஏசுவா. வெறுங்காலோடு நின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

பின்னால் வந்த விதானையார் என் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் எடுத்தது. இரண்டு சப்பாத்தையும் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, படிவத்தையும் பேனாவையும் எடுத்தார்.

"சரி, சொல்லுங்கோ அக்கா. குசினி எந்தப் பக்கம்?"