வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பதவி உதவியாளர். வேலை பாட்டில் கழுவுவது. இருபத்திரண்டு வருடம் கழுவியதில் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட, மற்ற எல்லோருக்கும் அவள் பாட்டில் அக்கா. ஓய்வுபெறப் போகிற தலைமை ஆய்வாளர்கூட, தன்னைவிடப் பத்து வயது இளையவளை, "அக்கா, பெரிய பாட்டிலெல்லாம் காய்ஞ்சுதா?" என்றுதான் கேட்பார்.

சட்டமும் அவளுக்குப் பாட்டில் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவள் இல்லை. ஆனால் ஒரு ஆலையின் கழிவுநீரை எடுப்பதென்றால் ஆலைக்காரன் கையில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவன் கண் முன்னால் எடுக்க வேண்டும், இரண்டு பாட்டிலாகப் பிரித்து, அரக்கு வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்றை அவனிடமே கொடுத்துவிட்டு மற்றதை நேரே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். புதிதாக வருகிற பொறியாளர்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் தொண்டையைச் செருமுவாள்.

"எதுக்குக்கா இவ்வளவு சடங்கு?" என்று யாராவது சலித்துக்கொண்டால், "என்னைக்கோ எவனோ பண்ணின திருட்டுக்குப் போட்ட பூட்டு தம்பி இதெல்லாம். பாதிப் பூட்டு ஆலைக்காரனுக்கு. மீதி நமக்கு" என்பாள்.

அவள் வீடு ஒரு முலாம் பூசும் ஆலையின் பின்மதிலை ஒட்டிய தெருவில் இருந்தது. நாற்பது வீட்டுக்கும் ஒரே ஆழ்குழாய்க் கிணறு. மூன்று வருடமாக அதில் வருகிற தண்ணீர் லேசான மஞ்சள். முதலில் கண்டுபிடித்தவர் அவள் கணவர்தான். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். தண்ணீர் தெளித்துத் தேய்த்த வெள்ளைச் சட்டைகள் மஞ்சள் திட்டோடு திரும்பிப் போயின. சட்டைக்காரர்கள் திரும்பி வரவில்லை. பிறகு அவருடைய விரல் இடுக்குகளில் புண் வந்தது. எந்தக் களிம்புக்கும் அது மசியவில்லை.

"ஊர்த் தண்ணியெல்லாம் பாட்டில்ல அடைச்சு ஆராய்ச்சி பண்றீங்க. நம்ம தெருத் தண்ணிக்கு மட்டும் உங்க ஆபீஸ்ல பாட்டில் பத்தாதா?" என்று அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டார்.

கடைசியில் எதிர்வீட்டுத் தபால்காரர் தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அவர் ஓய்வுபெற்றவர்; பதிவுத் தபாலில் மட்டும் இன்னும் நம்பிக்கை உள்ளவர். எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும், எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று அவள் வாய்மொழியாகச் சொன்னாள். அரசு ஊழியர் என்பதால் தான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கணவர் போட்டார்.

புதிதாக வந்திருந்த பெண் பொறியாளர் அந்தப் புகாரைத் தூங்க விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், யாரிடமும் சொல்லாமல் ஜீப்பை எடுக்கச் சொன்னார். பாட்டில் பெட்டியோடு அவளும் ஏறிக்கொண்டாள். ஆலையின் சுத்திகரிப்புத் தொட்டி காய்ந்து கிடந்தது. பின்மதிலுக்கு அடியில் வெளியேறிய தண்ணீர் நல்ல மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. நோட்டீஸ், இரண்டு பாட்டில், அரக்கு, கையெழுத்து என்று பாட்டில் அக்கா தொண்டையைச் செரும வேண்டிய அவசியமே வரவில்லை. ஆலை மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பேனாவை வாங்கினார்.

திரும்பும் வழியில் ஜீப்பின் கிளட்ச் போய்விட்டது. ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. சாவி தலைமை ஆய்வாளரிடம். அவரோ வெளியூர் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார்.

"இப்படி ஆச்சுன்னா வழக்கமா என்னக்கா பண்ணுவீங்க?" என்றார் பொறியாளர்.

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல வைப்போம் மேடம். திங்கக்கிழமை கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துச்சுன்னு எழுதிருவோம்."

"அப்ப அப்படியே பண்ணிருங்க."

வீட்டில் அவள் ஃபிரிட்ஜைக் காலிசெய்தாள். பாலும் தக்காளியும் பக்கத்து வீட்டுக்குப் போயின. நடுத் தட்டில் அந்த ஒரே பாட்டிலை நிறுத்தி, கதவைக் கயிற்றால் கட்டினாள். கணவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"உங்கண்ணன் வந்தப்பக்கூட இவ்வளவு உபசாரம் நடக்கலையே!"

"எங்கண்ணன் வந்து எந்த ஆலையை மூடினான்? தொடாதீங்க, அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தவள் சற்று நேரம் எழுதாமல் இருந்தாள். வழக்கம்போல வெள்ளி ஐந்து மணி என்று போட்டால் முடிந்தது. ஆனால் இது அவள் தெரு. நாளைக்கு எவனும் இதில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்து, தெருக்காரி தில்லுமுல்லு செய்தாள் என்று சொல்லிவிடக் கூடாது. ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக நடந்ததை நடந்தபடி எழுதினாள்: வெள்ளி மாலை 6.40 முதல் திங்கள் காலை 9.10 வரை என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், முத்திரை கலையாமல்.

பாட்டிலில், முலாம் பூசப் பயன்படும் குரோமியம் அனுமதித்த அளவைப்போல ஒன்பது மடங்கு இருந்தது. ஆலையை மூட உத்தரவு போனது. பதினேழு நாள் மூடியிருந்தது. அந்தப் பதினேழு நாளும் தெருவில் அவளைப் பார்த்தவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பதினெட்டாவது நாள் ஆலை மேல்முறையீட்டில் தடை வாங்கியது. பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கியது.

விசாரணையில் ஆலையின் வக்கீல் குரலையே உயர்த்தவில்லை.

"பாட்டில் எங்கம்மா இருந்துச்சு?"

"எங்க வீட்ல சார். முத்திரை கலையல."

"உங்க வீடு எங்க?"

சொன்னாள்.

"ஓ, அதே தெருவா? புகார்ல இஸ்திரிக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே, அவர் யாருங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"ரொம்ப நன்றிம்மா. உண்மையை மறைக்காம எழுதியிருக்கீங்க."

அந்தச் சொல்லில் கேலி இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மாதிரி செல்லாது, இரு தரப்புக்கும் முன்கூட்டியே தேதி அறிவித்து மறுபடி எடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வாசலில் பொறியாளர், "உங்கள யாருக்கா எழுதச் சொன்னது?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

தபால்காரர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "ஏம்மா, ஒரு நாள் தாமதமா வந்த கட்டுக்கு நாங்களே நேத்து தேதி முத்திரைதான் குத்துவோம். முப்பது வருஷம் குத்தியிருக்கேன். உனக்கு இந்த ஒரு தடவைதானா உண்மை வரணும்?"

"அப்ப சட்டந்தான் தப்பா?" என்றார் கணவர். கைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அவள் அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். "தப்பில்ல. புகார் குடுத்தவன் வீட்டுல ரெண்டரை நாள் இருந்த பாட்டிலை நான் வக்கீலா இருந்தாலும் சாட்சியா ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு யாரோ ஒருத்தர் நம்ம மேல இப்படிப் பாட்டிலைக் கொண்டுவந்தா, இந்த விதிதானே நம்மளக் காப்பாத்தும்?"

"நம்ம மேல எவன் பாட்டில் கொண்டுவரப் போறான்? நாம என்ன ஆலையா வச்சிருக்கோம்?"

அவள் களிம்பு டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

அறிவித்த தேதியில் ஜீப் நேரத்துக்குக் கிளம்பியது. ஆலை வாசலில் மேலாளர் நாற்காலி போட்டு வரவேற்றார். சுத்திகரிப்புத் தொட்டியில் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. கழிவுநீர்க் குழாய்க்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். தண்ணீர் பளிங்காக வந்தது. அவள் குனிந்து இரண்டு பாட்டிலையும் நிரப்பி, மூடி, அரக்கை உருக்கி ஊற்றினாள்.

"வேணும்னா இன்னொரு பாட்டில்கூட எடுத்துக்குங்கக்கா" என்றார் மேலாளர். அவர் கையெழுத்து இந்த முறை நிதானமாக, முழுசாக விழுந்தது. அதற்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் அவள் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு முன்பே பாட்டில் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தது. ஒரு விதிகூடத் தவறவில்லை.

சாயங்காலம் தெருவில் திரும்பும்போது தபால்காரர் குடத்தோடு குழாயடியில் நின்றிருந்தார்.

"எடுத்தாச்சாம்மா? ரிசல்ட் எப்ப வரும்?"

"இருபது நாள் ஆகும்ணே" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.